மாமனார் பெயருக்கு முன் ஒரு சிலுவை

ஜெரி,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் தொடங்கப்போவதில்லை. நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய், கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருக்கிறாய். உன் அப்பா வாசலில் ஜீப்பின் பின்சீட்டைக் கழற்றி உன் பெட்டிகளுக்கு இடம் பண்ணிக்கொண்டிருக்கிறார். நாளைக் காலையில் நீயும் ஷைனியும் குமுளியை விட்டு மலையிறங்கிவிடுவீர்கள். நேரிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் எதையாவது சொல்லத் தொடங்கினால் உன் கை தானாக ஹெட்போனைத் தேடும். அதனால் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பதும் பாதிதான் உண்மை. நீ என் ஃபோனில் வைத்துக்கொடுத்தாயே, பேசினால் அதுவே தட்டச்சு செய்யும் என்று, அதில் சொல்லிக்கொண்டே போகிறேன். பிறகு உட்கார்ந்து திருத்துகிறேன். நான் எரிச்சலாகச் சொன்னதைக்கூட அது சாந்தமான தமிழாக்கிவிடுகிறது. எரிச்சல் வேண்டிய இடத்தில் நானே திரும்பப் போட்டுக்கொள்கிறேன்.

இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்றும் இல்லை. நம் அச்சுக் கடைக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் உன்னைப் போலத்தான். கொஞ்சம் படம் வரைவார்கள், கொஞ்சம் பாடுவார்கள், கொஞ்சம் வீடியோ வெட்டுவார்கள், எந்த வேலைக்கும் முழுசாகப் பெயர் சொல்லத் தெரியாது. அவர்களும் படிக்கட்டும். நடுவில் உன் மாமனார் கதை வருகிறது. அவரிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்க சம்பந்தி, ஊருக்கே தெரிஞ்ச கதைதானுங்க" என்று சொல்லிவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீ தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "இனி இந்த டிசைன், வீடியோ எல்லாம் வேண்டாம்மா. மாமா கடையிலயே உக்காந்துக்கிடுதேன். இனிமே எல்லாத்தையும் ஏஐயே செஞ்சிரும். அது என்ன லட்சணத்துல செய்யும்னும் ஊரே பாத்தாச்சு." உன் மாமனாருடையது பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் மாட்டுத்தீவனக் கடை. அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. தவிடும் பிண்ணாக்கும் விற்கிறவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள், மாடுகள் புது அப்டேட் கேட்பதில்லை. நீ அந்த வேலை பிடித்துப் போகிறாய் என்றால் நானே மாலை போட்டு அனுப்புவேன். நீ பயந்து போகிறாய். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

உனக்கு வேலைக்குப் பெயர் இல்லாத சங்கடம் முதலில் வெளியே வந்தது பெண் பார்க்கப் போன அன்றைக்குத்தான். ஷைனி பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளைப் பற்றி ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள். உன்னைப் பற்றித்தான் நேரம் பிடித்தது. உன் மாமனாரின் அக்கா லூர்து அத்தை, அந்த வீட்டில் கேள்வி கேட்கிற பொறுப்பு அவருக்குத்தான் போலிருக்கிறது, "மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க?" என்று கேட்டார். உன் அப்பா, "கம்ப்யூட்டர்ல" என்றார். "கம்ப்யூட்டர்லன்னா கம்பெனிங்களா, சர்க்கார் ஜோலிங்களா?" "ரெண்டும் இல்ல, வீட்டுலதான்." அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு நீ ஆரம்பித்தாய். போட்டோ எடுப்பேன், வீடியோ வெட்டுவேன், கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணுவேன், கோயில்ல கீபோர்டு வாசிப்பேன், ஏலக்காய் பாக்கெட்டுக்கு லேபிள் போடுவேன், மலையாளப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதியிருக்கேன். அத்தை பொறுமையாகக் கேட்டு முடித்தார். "அதெல்லாஞ் செரிங்க தம்பி. வேலை என்னங்க?" என்றார். உன் மாமனார்தான் சிரித்துச் சமாளித்தார். கல்யாணத்துக்குப் பிறகு ஷைனி வேலையை விட வேண்டாம், நீ உன் வேலையைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போய்விடலாம் என்று முடிவானபோது நம் சொந்தக்காரர்கள் "வீட்டோட மாப்பிள்ளை" என்று ஒரு பெயரைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். எப்படியோ உனக்கும் ஒரு வேலைப் பெயர் கிடைத்தது.

உன் அப்பா உன்னைச் சின்ன வயதிலிருந்தே "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான்" என்று சொல்லித் திட்டுவார். நான் அப்படி நினைத்ததில்லை, ஏனென்றால் நம் கடையே அப்படித்தான் ஓடுகிறது. நான் தட்டச்சுக் கடையாக ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் வந்ததும் கடை முடிந்தது என்றார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை ஆனது. ஃப்ளெக்ஸ் வந்ததும் முடிந்தது என்றார்கள். போர்டு அடிக்கிற கடையும் ஆனது. எனக்கு எந்த மிஷின் மேலும் பாசம் கிடையாது. தட்டச்சு ரிப்பன் மாற்றினால் விரலில் கறுப்பு போகாது, பிழை வந்தால் முழுத் தாளும் போச்சு. போனது நல்லதுதான். இப்போது ஏஐ. ஆங்கிலத்தில் வருகிற ஏலக்காய் வியாபாரிகளின் மெயிலை நான் அதில் போட்டுத்தான் படிக்கிறேன். பதிலும் அதுவே எழுதுகிறது. எடையையும் தேதியையும் மட்டும் நான் விரலை வைத்துப் பார்க்கிறேன். எனக்கு அது ஒரு வேலைக்காரி மாதிரி. சுறுசுறுப்பு அதிகம், முகத்தைச் சுளிக்காது, தெரியாது என்று மட்டும் சொல்ல வராது.

அந்த லேபிள் விஷயத்தை நீ மறந்திருக்க மாட்டாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மசாலாக் கடை வைத்திருக்கிற அந்தப் பையன் பாக்கெட்டில் போட ஏலத்தோட்டப் படம் ஒன்று கேட்டான். நீ ஏஐயிடம் கேட்டாய், அது கண் மூடித் திறப்பதற்குள் போட்டுக் கொடுத்தது. மஞ்சள் வெயில், பனி, பின்னால் மலை, எல்லாம் அம்சமாக இருந்தது. ஏலக்காய் மட்டும் இலைக்கு மேலே திராட்சைக் குலை மாதிரி தொங்கியது. கடைக்காரன், "அடிபொளி, இதையே போட்ரு" என்றான். நீ தலையைச் சொறிந்துகொண்டு நின்றாய். "அண்ணே, காய் அடியிலலா காய்க்கும். தூருல இருந்து சரம் தரையோட ஓடும். இதை ஒட்டி வித்தா சாந்தன்பாறைத் தோட்டக்காரன் பாத்துட்டுச் சிரிப்பான்." அவன், வாங்குகிறவன் துபாய்க்காரன், அவனுக்கு என்ன தெரியும் என்றான். நீ கேட்கவில்லை. மழையில் சாந்தன்பாறைக்குப் போய், ஏலச்செடிக்கு அடியில் குப்புறப் படுத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தாய். காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு கடைக்குள் வந்து தரையெல்லாம் கறை பண்ணினாய். அந்தப் படத்தில் மூலையில் ஒரு உரச்சாக்கு கிடந்தது. அதை அழிக்க ஏஐயைக் கூப்பிட்டாய். மங்கலாக இருந்த வெளிச்சத்தைச் சரி பண்ணவும் அதையே கூப்பிட்டாய். அன்றைக்கு எனக்கு மனது நிறைந்தது. உன்னிடம் சொல்லவில்லை, தரையைத் துடைக்கச் சொன்னேன்.

அப்புறம் அந்தப் பூப்பாறைக் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா இறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவர் கல்யாண மேடைக்கு வந்து பிள்ளையின் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிற மாதிரி வீடியோ வேண்டும் என்று கேட்டார்கள். இப்போது எல்லா ஊரிலும் இந்த மோகம். பழைய போட்டோக்களை வைத்து நீ செய்து கொடுத்தாய். மண்டபத்தில் அழாதவர்கள் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அழவில்லை. அடுத்த வாரம் அந்த அம்மா நம் கடைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்து, "அவுக இப்படிச் சிரிச்சதே கிடையாது" என்றார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இருந்தாலும் ஒரு காப்பி போட்டுக் குடுங்க" என்று பென்டிரைவை நீட்டினார். நல்லது செய்தோமா கெட்டது செய்தோமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. உனக்கும் விளங்கியிருக்காது. ஆனால் அதற்குப் பிறகு இறந்தவர் முகத்தையோ குரலையோ கேட்டு யார் வந்தாலும், "வீட்டுல அம்மாட்ட கேட்டாச்சா?" என்றுதான் முதலில் கேட்கிறாய். இந்தக் கேள்வியை எந்த மிஷினும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு கல்யாணத்தில் செத்தவரை எழுப்பிய நீ, உன் சொந்தக் கல்யாணத்தில் உயிரோடு இருந்தவர்களைச் சாகடித்தாய்.

நம் கிறிஸ்தவ ஆட்கள் பத்திரிகையில் இறந்தவர் பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு சிலுவை போடுவது எல்லாருக்கும் தெரியும். அமரர், லேட் என்று நீட்டி எழுத வேண்டியதில்லை, சிலுவை இருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். என் கடையில் பெயர்களை நான்தான் கோப்பேன். உன் கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் நீயே பண்ணுகிறேன் என்றாய். நம் பக்கத்துப் பெயர்களைக் கையால் கோத்தாய். அதற்குள் வேறு வேலை வந்துவிட, பெண் வீட்டார் அனுப்பிய பெயர்களை அப்படியே ஏஐக்குள் போட்டு, அழகாக அடுக்கித் தா என்று சொல்லிவிட்டாய். அந்தப் பக்கத்தில் ஷைனியின் தாத்தா, பாட்டி, ஒரு பெரியப்பா, இவர்கள் மூவருக்கும் சிலுவை இருந்தது. மிஷின் பார்த்தது. சிலருக்கு இருக்கிறது, சிலருக்கு இல்லை, ஒழுங்காக இல்லையே என்று நினைத்ததோ என்னவோ, எல்லாப் பெயருக்கும் முன்னால் தங்க நிறத்தில் ஒவ்வொரு சிலுவையாக வைத்துவிட்டது. மாமனார், மாமியார், லூர்து அத்தை, தாய்மாமன்கள் ஒருவர் பாக்கியில்லை. நம் பக்கம் எல்லாரும் நலமாக இருந்தோம், அவர்கள் பக்கம் மொத்தமாகக் காலி. நீ எனக்கும் காட்டினாய். கோயில் பத்திரிகைக்குச் சிலுவை பொருத்தமாகத்தானே இருக்கிறது என்று என் கண்ணும் ஏமாந்துபோனது. நான் நிறம் நன்றாக இருக்கிறது என்றேன். நீ இரண்டு வீட்டு வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டு முடி வெட்டப் போய்விட்டாய்.

முதல் ஃபோன் பஹ்ரைனிலிருந்து போயிருக்கிறது. உன் மாமியாரிடம் ஒருவர், "அண்ணன் எப்பத் தவறினாரு, ஏன் ஒரு வார்த்தை சொல்லல" என்று அழுதிருக்கிறார். கோயம்புத்தூரில் ஒரு மச்சான் மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகுதான் என் ஃபோன் அடித்தது. உன் மாமியார் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஏனுங்க சம்பந்தி, என்ற ஊட்டுக்காரரு இங்க முன்னால உக்காந்து காப்பி குடிச்சிட்டு இருக்காருங்க. பத்திரிகைல அவருக்குச் சிலுவை போட்டிருக்கீங்களே, ஏனுங்க?" என்றார். அவர் போன வருஷம்தான் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவர். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விளையாட்டாகப் போயிருக்க வேண்டியது அப்படிப் போகவில்லை. கோயிலில் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பெண் பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள் என்பார்களே, அதில் இன்னும் இரண்டு பாக்கி. லூர்து அத்தை, அடுத்த ஓலைக்கு முன்னால் சாமியாரைப் பார்த்து நிறுத்தச் சொல்லிவிடுவேன் என்று நின்றுவிட்டார். "பொண்ணு கல்யாணத்துக்கே அப்பனுக்குச் சிலுவை போட்டவன், நாளைக்கு அவளைக் கண்ணுல வெச்சுப் பாப்பானா?" என்று கேட்டாராம். ஷைனி உனக்கு ஃபோன் பண்ணி அழுதாள். "எங்கப்பா ஒண்ணும் பேச மாட்டேங்கறாருங்க" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள் என்றாய். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தபோதுதான், இந்தப் பெண் இல்லாமல் இவனுக்கு ஆகாது என்று எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நீ செய்த முதல் காரியம் இருக்கிறதே. ஃபோனை எடுத்து, மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதித் தா என்று அந்த ஏஐயிடமே கேட்டாய். அதுவும் எழுதிக் கொடுத்தது. "தங்களுக்கு ஏற்பட்ட மனவேதனைக்கு எங்கள் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்." ஒரு பிழை இல்லை. நான் வாங்கிப் படித்துவிட்டு, "ஏலே, பேங்குல இருந்து வர்ற மாதிரிலா இருக்கு. யாருலே இந்த 'எங்கள்'?" என்று கேட்டேன். நீ அனுப்பாமல் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாய். "அப்ப என்னம்மா எழுத?" என்றாய். "எழுதாத. கிளம்பு" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் நாம் இருவரும் பஸ்ஸில் மலையிறங்கிக் கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி என்று மாறி மாறிப் போனோம். வழியில் நீ ஒன்றும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், இருவரும் பட்டினி கிடந்து என்ன ஆகப்போகிறது. நாம் போய்ச் சேர்ந்தபோது உன் மாமனார் கடையில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். வாங்க என்றார், அதற்கு மேல் இல்லை. நீ செருப்பைக் கழற்றிவிட்டு அவர் எதிரில் நின்றாய். அவர் கணக்குப் பார்க்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார்: "தம்பி, இது யாரு பண்ணுன தப்புங்க? மிஷினுங்களா, நீங்களா?"

நான் உள்ளுக்குள் செபம் சொன்னேன். மிஷின் என்று சொல்லியிருந்தால் பொய்யும் இல்லை. நீ சொன்னாய்: "மிஷின்தான் போட்டுச்சு மாமா. ஆனா அது உங்களைப் பாத்ததே இல்ல. நான் பாத்திருக்கேன். உங்க வீட்டுல உக்காந்து உங்க கையால காப்பி வாங்கிக் குடிச்சிருக்கேன். பாக்காம அனுப்புனது நான்தான்."

அவர் பதில் சொல்வதற்குள் ஒருவர் பருத்திக்கொட்டை கேட்டு வந்தார். உன் மாமனார் எழுந்து நிறுத்துக் கொடுத்து, மூட்டையைச் சைக்கிளில் கட்டியும் விட்டார். நாம் நின்றுகொண்டே இருந்தோம். திரும்பி வந்து உட்கார்ந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு சொல்றனுங்க. நாஞ் செத்தா யாரு யாரு வருவாங்க, யாரு போன் பண்ணுவாங்கன்னு நேத்தே தெரிஞ்சு போச்சுங்க. கோயமுத்தூர்க்காரன் மாலையோட வந்து என்னையப் பாத்து மயக்கம் போட்டு உழுந்துட்டானுங்க. என்ற பெரிய மச்சான், இங்க ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கறான், ஒரு எட்டு வந்து பாக்கலைங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நின்றபிறகு கண்ணைத் துடைத்தார். நீ குனிந்து அவர் காலைத் தொட்டாய். எனக்கும் அங்கே கொஞ்சம் அழுகை வந்தது, தவிட்டுத் தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

லூர்து அத்தை மட்டும் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. சிலுவை போட்ட ஒவ்வொருவர் வீட்டுக்கும் மாப்பிள்ளையே நேரில் போய் திருத்திய பத்திரிகையைக் கையில் கொடுக்க வேண்டும் என்றார். மாப்பிள்ளையே பெண் வீட்டு உறவுகளுக்குப் பத்திரிகை வைக்கிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. நீ போனாய். போன இடமெல்லாம் காப்பி கொடுத்தார்கள். "நல்லாப் பாத்துக்கங்க தம்பி, மூச்சு வருதுங்களா?" என்று ஒரு தாய்மாமன் உன் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினாராம். ஒரு சித்தி உன்னைக் கிள்ளிவிட்டு, செத்தவள் கிள்ளினால் வலிக்குமா என்று கேட்டாராம். மாலை வாங்காத பெரிய மச்சான் வீட்டுக்கும் நீ போனாய். கல்யாணத்தன்று பெண் வீட்டு ஆட்களை ஷைனியைவிட உனக்கு நன்றாக அடையாளம் தெரிந்திருந்தது. அத்தை யாரிடமோ, "வேலை என்னன்னு இன்னும் புரியல. ஆனா பையன் ஆளு தங்கமுங்க" என்று சொன்னதை நானே கேட்டேன்.

இத்தனையும் நடந்த பிறகு நீ பயந்துபோய்த் தீவனக் கடையில் ஒதுங்கப் பார்க்கிறாய். எனக்கு இதில் இரண்டு யோசனை. ஏஐ எல்லாவற்றையும் செய்துவிடும் என்கிறாய். செய்யலாம். மாதம் ஒரு புதுச் செயலி வருகிறது, போன மாதத்தது பழசாகிறது. அதன் பின்னாலேயே ஓடினால் நாய் பஸ்ஸைத் துரத்துகிற கதைதான், பிடித்தால் மட்டும் என்ன செய்யப்போகிறது. உனக்கு உதவுகிறதை வைத்துக்கொள். ஒலியில் மழைச் சத்தத்தை எடுக்க ஒன்று, பேச்சை எழுத்தாக்க ஒன்று, பின்னணியை வெட்ட ஒன்று, அவ்வளவு போதும் என்று நீயேதான் ஒருநாள் சொன்னாய். இலவசம் என்கிற இடத்தில் பிறத்தியார் வீட்டுக் குழந்தை படத்தை ஏற்றாதே. ஒரிஜினலை அழிக்காதே. மிஷின் கொடுத்ததை அது கொடுத்த அன்றே அனுப்பாதே, ஒரு ராத்திரி தூங்க விடு. வெளியே போகிற எந்தப் பெயரையும் வாய்விட்டுப் படித்துப் பார். கண் ஏமாறும், வாய் அவ்வளவு ஏமாறாது. இதை நான் உன் பத்திரிகைக்குச் செய்யவில்லை, இனி யார் பத்திரிகைக்கும் செய்யாமல் விடமாட்டேன்.

இன்னொன்று, நீ எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவன் என்று வெட்கப்படுகிறாய். ஏலக்காய் அடியில் காய்க்கும் என்பது டிசைன் படிப்பில் வராது. இறந்தவர் முகத்தைத் தொடுவதற்கு முன் யாரிடம் கேட்க வேண்டும் என்பது வீடியோ படிப்பில் வராது. அங்கங்கே அலைந்ததால் உனக்குத் தெரிகிறது. அந்தச் சிலுவைத் தப்பும் உனக்குத் தெரியாததால் நடந்ததில்லை, அவசரத்தால் நடந்தது. அவசரம் தீவனக் கடையிலும் வரும். எருமைக்குக் கொடுக்க வேண்டியதை ஆட்டுக்கு ஏற்றி அனுப்பிவிட்டால் அங்கே எந்த மிஷின் மேல் பழி போடுவாய்? ஆனாலும் நான் வற்புறுத்தவில்லை. உன் வயதில் என்னை யாராவது வற்புறுத்தியிருந்தால் நான் அதற்கு நேர்மாறாகத்தான் செய்திருப்பேன்.

உனக்குத் தெரியாத ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. போன வாரம் மறுவீட்டு விருந்துக்கு அங்கே போயிருந்தோமே, நீ மாடியில் உன் மேசையை எங்கே போடுவது என்று அளந்துகொண்டிருந்தாய். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். உன் மாமனார் பக்கத்தில் வந்து, யாரும் இருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சம்பந்தி, மாப்பிள்ளை இந்த டிசைன் வேலையெல்லாம் உட்டுப்போட்டுக் கடைக்கு வர்றேங்கறாருங்க. வரட்டும், கடை அவருதுதான். ஆனா ஒண்ணுங்க. எனக்கு நெஞ்சு எப்ப நிக்குமோ தெரியாது. அன்னிக்கு என்ற பேருக்கு முன்னால சிலுவை போடறது அவருதான் போடோணும். வேற யாரு கையிலயும் குடுத்துப்போடாதீங்க. ஒருக்காத் தப்பாப் போட்டவரு, மறுக்காப் போடறப்ப கை நடுங்கித்தான் போடுவாரு. என்ற மேல யாருக்காச்சும் கை நடுங்கோணுமுங்க." நான் சரி என்று தலையாட்டினேன்.

ஆகவே ஜெரி, கடையில் உட்காருவதானால் உட்கார். ஆனால் கம்ப்யூட்டரை மூட்டைக்குள் கட்டிப் போட உனக்கு அனுமதி இல்லை. அவர் ஒரு வேலை கொடுத்துவிட்டார், நான் உன் சார்பில் ஒப்புக்கொண்டுவிட்டேன். இந்த வேலைக்காவது என்ன பெயர் என்று லூர்து அத்தையிடம் கேட்டுச் சொல்.

என்னுடைய சிலுவையும் உன் பொறுப்புதான். அவசரம் ஒன்றும் இல்லை. யார் ஃபோன் பண்ணிச் சொன்னாலும், எந்தக் குரூப்பில் வந்தாலும் நம்பிவிடாதே. மலையேறி வந்து, என் முகத்தை நீயே பார்த்துவிட்டு, அப்புறம் போடு.

அம்மா